பிள்ளைகள் பேசிக்கொள்ளாத இருபது மாதங்கள்

ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் ஆசிரியை முதலில் சொல்வது, “எல்லாரும் மைக்க ம்யூட் பண்ணுங்க” என்பதுதான். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் நாங்கள் இருக்கும் சந்தில் 2020 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு இது வீட்டுக்கு வீடு கேட்கும். கன்னடத்தில் கேட்கும், ஆங்கிலத்தில் கேட்கும். சொன்னதில் தப்பொன்றும் இல்லை. நாற்பது வீட்டுக் குக்கர் விசிலும் டிவி சத்தமும் ஒன்றாக வந்து விழுந்தால் யாராலும் பாடம் நடத்த முடியாது. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தியதும் வகுப்பில் எது நின்றுபோயிற்று என்று விளங்க எனக்கு வெகுநாள் பிடித்தது. பிள்ளைகள் ஆசிரியையிடம் பேசுவது நிற்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொன்னார்கள். பிள்ளைகள் பிள்ளைகளிடம் பேசுவதுதான் நின்றது.

கொரோனாவில் பள்ளி மூடியிருந்த காலத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். செல்போன் எத்தனை பேரிடம் இருந்தது, நெட் கிடைத்ததா, பாடம் எவ்வளவு குறைந்தது என்றே அவற்றில் பெரும்பாலானவை கேட்கின்றன. அவை கேட்க வேண்டிய கேள்விகள்தாம். என் வாதம் அவற்றுக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்குகிறது. பெங்களூரு மாதிரி நாலு மொழி புழங்கும் ஊரில் பள்ளிக்கூடம் என்பது முதலில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசப் பழகும் இடம். பாடம் அந்தப் பேச்சின் மேல்தான் உட்காருகிறது. பேச்சு போனபின் பாடத்தை மட்டும் தனியே காப்பாற்றப் பார்த்தோம்.

எதிர்வீட்டில் ஆட்டோ ஓட்டுபவர் குடும்பம். மூன்று பிள்ளைகள், ஒரு ஸ்மார்ட்போன். சவாரி குறைந்திருந்ததால் அவர் பதினொரு மணிக்குத்தான் கிளம்புவார். போனும் அவரோடு போய்விடும். அதற்குள் மூத்தவனுக்கு முதல் முறை, நடுவிலவனுக்கு மிச்சம். அரிசி டின்மேல் சாய்த்து வைத்த போனில் படம் நின்று நின்று வரும். “மிஸ், கேளிஸ்தா இல்லா”, கேட்கவில்லை என்று நடுவிலவன் கன்னடத்தில் கத்துவான். மைக் அணைந்திருப்பதால் அந்தக் குரல் சந்தில் உள்ள எங்களுக்குக் கேட்குமே தவிர மிஸ்ஸுக்குக் கேட்காது. கடைக்குட்டிப் பெண் அந்த ஜூனில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அவளுடைய வகுப்பு வாட்ஸப்பில் நடந்தது. மிஸ் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவார். அம்மா அதைப் பார்த்து நோட்டில் எழுத வைத்து, திரும்பப் படமெடுத்து இரவு அனுப்புவார். பச்சை நிறத்தில் ஒரு டிக் வரும். தன் வகுப்பில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் கேட்டேன். “நானும் மிஸ்ஸும்” என்றாள்.

ஊரில் பள்ளிகள் அடைபட்டது 2020 மார்ச் இரண்டாம் வாரம். முதலில் மழலையர் வகுப்பு, அடுத்து தொடக்க வகுப்பு என்று வரிசையாக விடுமுறை விட்டார்கள். மார்ச் 25-இல் நாடே அடங்கியது. ஜூன் மாதம் கர்நாடக அரசு ஒரு முடிவெடுத்தது: ஐந்தாம் வகுப்பு வரை ஆன்லைன் வகுப்பு கூடாது. சின்னப் பிள்ளைகளைத் திரைமுன் உட்கார்த்தி வைப்பதைப் பற்றி மருத்துவர்களுக்குக் கவலை இருந்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற கவலையும் இருந்தது. பேராசிரியர் எம்.கே. ஸ்ரீதர் தலைமையில் அரசு குழுவும் போட்டது. பெற்றோர் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2020 ஜூலை 8 அன்று தலைமை நீதிபதி அபய் ஓகா, நீதிபதி நடராஜ் ரங்கசாமி ஆகியோர் அமர்வு, ஜூன் 15, 27 தேதியிட்ட அரசு ஆணைகளை நிறுத்தி வைத்தது. அரசமைப்பின் 21, 21ஏ பிரிவுகள் தரும் உயிர்வாழும் உரிமையையும் கல்வி உரிமையையும் இந்தத் தடை மீறுவதாக முதல் பார்வைக்குத் தெரிகிறது என்றது. ஆன்லைனைக் கட்டாயமாக்கவோ அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கவோ இந்த உத்தரவு வழிவிடவில்லை என்றும் சேர்த்துச் சொன்னது.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. வழக்கு திரை வேண்டுமா வேண்டாமா என்பது; கண்ணும் உடம்பும் கெடுமே என்று ஒரு தரப்பு, பாடம் நின்றுவிடுமே என்று மறு தரப்பு. ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை தேவை என்பது அந்த விவாதத்தில் யாருடைய உரிமையாகவும் வரவில்லை. அப்போதே மத்தியக் கல்வித் துறை ‘பிரக்யதா’ என்ற வழிகாட்டுதலைக் கொண்டுவந்தது. மழலையருக்கு நாளுக்கு 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், எட்டாம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிட வகுப்பு இரண்டு, அதற்கு மேல் நான்கு என்று அது வரையறுத்தது. நிமிடக் கணக்கு போட முடிந்தது. அந்த நிமிடங்களில் பிள்ளை யாரோடு இருக்கிறது என்பதற்குக் கணக்கு இல்லை.

பெங்களூரில் இது ஏன் கூடுதலாக உறைக்கிறது என்று சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பில் பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழும் தெலுங்கும் உருதும் அடுத்தடுத்து நிற்கின்றன. 1809-இல் கன்டோன்மென்ட் அமைந்த காலத்திலிருந்து சிப்பாயாக, வியாபாரியாக, கூலியாகத் தமிழர் இங்கே வந்துகொண்டேயிருந்தார்கள். அந்தப் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்காக ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் தொடங்கிய பள்ளி இன்றும் ஆர்பிஏஎன்எம்எஸ் என்ற பெயரில் கல்வி நிறுவனங்களாக வளர்ந்து நிற்கிறது. சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் பக்கம் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும். புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலம். கன்னடம் எங்கிருந்து வருகிறது? 2015-இல் சட்டம் வந்து எல்லாப் பள்ளியிலும் கன்னடம் கட்டாயப் பாடமாகியிருக்கிறது. ஆனால் பாடப்புத்தகம் பார்த்துக் கன்னடம் பேசிய பிள்ளையை நான் பார்த்ததில்லை. பந்தைக் கேட்கும்போது, வரிசையில் முந்தும்போது, பென்சில் இரவல் வாங்கும்போது, சண்டையில் திட்டு வாங்கும்போது வந்து ஒட்டிக்கொள்ளும் மொழி அது. உருது பேசும் பிள்ளைக்கும் தெலுங்கு பேசும் பிள்ளைக்கும் அப்படியே. கன்னடம் வீட்டில் உள்ள பிள்ளை பதிலுக்குத் தமிழில் நாலு வார்த்தை பொறுக்கிக்கொள்ளும். யாரும் கற்றுத் தராத கல்வி. பள்ளி வாசல் மூடியதும் முதலில் நின்றது அதுதான்.

அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் 2021 ஜனவரியில் ஐந்து மாநிலங்களில், கர்நாடகமும் அவற்றில் ஒன்று, 44 மாவட்டங்களின் 1,137 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 16,067 பிள்ளைகளைச் சோதித்தார்கள். இரண்டாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை. முந்தைய ஆண்டு பிள்ளையிடம் இருந்த திறன்களில் எவை இப்போது இல்லை என்பதே கேள்வி. கணக்கில் ஏதேனும் ஒரு திறனை இழந்தவர்கள் 82 சதவீதம். மொழியில் 92 சதவீதம். ஐந்தாம் வகுப்பில் அது 95.

இந்த எண்ணைப் பல கட்டுரைகள் எடுத்தாண்டிருக்கின்றன. மொழித்திறன் என்று அவர்கள் எதைச் சோதித்தார்கள் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. ஒரு படத்தைக் காட்டினால் அதில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்வது. தனக்கு நடந்த ஒன்றைச் சொல்வது. பழகிய சொற்களை வாசிப்பது. புரிந்து வாசிப்பது. ஒரு படத்தைப் பற்றி எளிய வாக்கியங்கள் எழுதுவது. முதல் இரண்டையும் பாருங்கள். அவற்றுக்குப் புத்தகம் வேண்டாம், டேட்டா வேண்டாம். கேட்பதற்கு ஆள் வேண்டும். நேற்று எங்கள் தெருவில் என்ன நடந்தது தெரியுமா என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை வேண்டும். மாதக்கணக்கில் அப்படிச் சொல்ல ஆளில்லாமல் இருந்த பிள்ளை, சோதிக்க வந்தவர் படத்தை நீட்டியபோது பேசாமல் நின்றதில் வியப்பில்லை. இந்த ஆய்வு பெங்களூரு நகரத்துக்கு மட்டுமானதல்ல, தனியார் பள்ளிகளைத் தொடவும் இல்லை. ஆகவே இந்தச் சதவீதங்களை எங்கள் சந்துக்கு அப்படியே பொருத்த மாட்டேன். எது தேய்ந்தது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அதே பல்கலைக்கழகம் 2020-இல் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டபோது, ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகளோடு மனம் ஒட்டவில்லை என்று 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். ஆன்லைனில் உருப்படியாக மதிப்பிட முடியாது என்றவர்கள் ஏறத்தாழ 90 சதவீதம். வகுப்பில் நிற்கும் ஆசிரியர் பாதி நேரம் பார்ப்பது பதில் சொல்லும் பிள்ளையை அல்ல, அதன் பக்கத்தில் இருப்பவனை. அவன் கண் எங்கே போகிறது, புரிந்ததா, பசியா, நேற்று வீட்டில் அடி விழுந்ததா. சின்னச் சதுரத்தில் முகம் மட்டும் தெரிந்தால் இது முடியாது. வீட்டைக் காட்ட வெட்கப்பட்டுக் கேமராவை அணைத்த பிள்ளைகளிடம் அந்த முகமும் இல்லை.

பைஜூஸ், அன்அகாடமி, வேதாந்து மூன்றுக்கும் அப்போது பெங்களூருதான் தலைமையிடம். ஆன்லைன் படிப்பு அன்று இந்த ஊரின் பெருந்தொழில். அந்தத் தொழில் கொழித்த அதே மாதங்களில் அன்னபூர்ணேஸ்வரி நகர் காவல் நிலையத்துத் துணை ஆய்வாளர் சாந்தப்பா ஜடெம்மனவர் பணிக்குப் போகும் முன் காலை நேரத்தில், கட்டடத் தொழிலாளர் குடிசைகளுக்கு நடுவே பலகை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். போனும் டிவியும் இல்லாத பிள்ளைகள் அவர்கள். செய்தித்தாள்கள் அவரைக் காக்கிச்சட்டை ஆசிரியர் என்று பாராட்டின. எனக்குப் பத்திரிகைப் படத்தில் கண்ணில் பட்டது தரையில் நெருங்கி உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தாம். ஒருத்தி நோட்டை இன்னொருத்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரசும் அந்த வழியை ஒரு முறை பிடித்தது. 2020 ஆகஸ்டில் வந்த ‘வித்யாகம’ திட்டத்தைத்தான் சொல்கிறேன். பள்ளிக்குப் பிள்ளை வர முடியாது, ஆசிரியர் பிள்ளையிடம் போகலாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளைப் பகுதிவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்துக்கொண்டார்கள். ஸ்மார்ட்போன் உள்ளவர், சாதாரண போனோ டிவியோ உள்ளவர், எதுவும் இல்லாதவர் என்று பட்டியல் போட்டார்கள். கோயில் திண்ணை, சமுதாயக் கூடம், மரத்தடி, யாரோ ஒருவர் வீட்டு முன்வாசல் எங்கும் வகுப்பு நடந்தது. மக்கள் இதற்கு வைத்த பெயர் ‘வடார ஷாலெ’. நம் காதில் வட்டாரம் என்று விழும் அந்தச் சொல்லுக்குப் பழைய பெங்களூரில் தனிப் பொருள் உண்டு: ஒரே வாசலுக்குள் நடுமுற்றத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு சிறு குடித்தனங்கள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. சென்னையில் ஸ்டோர் வீடு என்பார்களே, அதுதான். அந்த முற்றத்தில் எல்லா வீட்டுப் பிள்ளையும் எல்லார் கண்ணிலும் வளரும். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டிய ஜனங்களுக்கு எது குறைந்திருந்தது என்று தெரிந்திருக்கிறது.

இதற்கு வேர் முன்பே இருந்தது. கர்நாடகத்தில் 2001 முதல் அரசுப் பள்ளிதோறும் பெற்றோர் அடங்கிய எஸ்டிஎம்சி, அதாவது பள்ளி வளர்ச்சி, மேற்பார்வைக் குழு, இருந்துவருகிறது. பல இடங்களில் பெயரளவுக்குத்தான். ஆனாலும் திண்ணையைக் கொடுக்கவும், பாய் விரிக்கவும், பிள்ளைகளைக் கூட்டிவரவும் ஊரில் ஆள் இருந்தார்கள்.

வித்யாகம நீடிக்கவில்லை. பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தொற்று வந்த செய்திகள் பரவின; ஆசிரியர்கள் இறந்தார்கள். அக்டோபர் இரண்டாம் வாரம் அரசு திட்டத்தை நிறுத்தி, 12 முதல் 30 வரை தசரா விடுமுறை அறிவித்தது. உயிர் போன இடத்தில் நிறுத்தியது சரி. அக்டோபரோடு விட்டுவிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2021 ஜனவரி 1-இல் பத்தாம் வகுப்பும் பியுசி இரண்டாம் ஆண்டும், அதாவது பன்னிரண்டாம் வகுப்பும், திறந்தன; ஆறு முதல் ஒன்பது வரை வித்யாகம பள்ளி வளாகத்துக்குள் திரும்பியது. ஒன்று முதல் ஐந்து வரை உள்ளவர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. பேச்சைப் பிடிக்கும் வயது அவர்களுடையது. குழுவை இன்னும் சின்னதாக்கி, திறந்த வெளியில், வாரம் இரண்டு நாளாவது அவர்களைக் கூட்டியிருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன். கடைகளும் திருமண மண்டபங்களும் அதற்கு முன்பே திறந்துவிட்டன.

தேர்வுக்கு மட்டும் பிள்ளைகளைக் கூட்ட முடிந்தது என்பதையும் மறக்க முடியாது. 2020 ஜூனில் தமிழ்நாடு பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்தது. கர்நாடகம் அதே ஜூன் 25-இல் எஸ்எஸ்எல்சி தேர்வைத் தொடங்கி, எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை எழுத வைத்தது. முகக்கவசம், வெப்பமானி, இடைவெளி விட்ட மேசை. மூன்று மாதம் கழித்து நண்பர்களைப் பார்த்த நாள் அது. பேசக் கூடாத நாளும் அதுவே.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் பள்ளி வாழ்க்கையைப் பற்றி எழுத முடியாது. கன்னடத்தில் மதிய உணவுக்கு ‘பிசியூட்டா’ என்று பெயர், சூடான சாப்பாடு. பெங்களூரில் அட்சய பாத்திரம் அமைப்பு 2000-இல் ஐந்து பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்குச் சமைத்துத் தொடங்கியது. 2013 முதல் ‘க்ஷீர பாக்யா’ திட்டத்தில் பால்பொடி கரைத்த 150 மில்லி பாலும் சேர்ந்தது. பள்ளி மூடியபின் அரிசியும் பருப்பும் பெற்றோர் கைக்குப் போயின. அது அவசியமான உதவி, பல வீடுகளில் அதுதான் அடுப்பெரித்தது. ஆனால் பள்ளி வராந்தாவில் தட்டோடு வரிசையாக உட்காரும்போது யார் வீட்டுப் பிள்ளை யார் பக்கத்தில் என்று பார்ப்பதில்லை. சாம்பாரில் முருங்கைக்காய் தனக்கு எத்தனை, அடுத்தவனுக்கு எத்தனை என்று எண்ணிச் சண்டை போட்டுக்கொள்ளும் அந்த இருபது நிமிடத்தை ரேஷன் பையில் போட்டுத் தர வழியில்லை.

தனியார் பள்ளிகளில் உறவு வேறு விதமாகக் கசந்தது. பெற்றோர் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிப் பிள்ளையை விட்டுப்போகும் பழக்கம் போய், வாட்ஸப் குழுவில் கட்டணத் தகராறு மட்டும் மிஞ்சியது. 2021 ஜனவரியில் அரசு கற்பிப்புக் கட்டணத்தில் 30 சதவீதம் குறைக்கச் சொன்னது, பள்ளிகள் வழக்காடின, செப்டம்பரில் உயர் நீதிமன்றம் 15 சதவீதம் என்று முடித்தது. நடுவில் அகப்பட்டவர்கள் சின்னப் பள்ளிகளின் ஆசிரியைகள். பாதிச் சம்பளத்துக்கும் சம்பளமே இல்லாமலும் சொந்தப் பணத்தில் டேட்டா ரீசார்ஜ் செய்து வகுப்பெடுத்தவர்களை எனக்குத் தெரியும். மைக்கை அணைக்கச் சொன்ன குரல்களில் அவர்கள் குரலும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

தொற்று இந்த ஊருக்குப் புதிதல்ல. 1898-இல் பிளேக் வந்தபோது நெருக்கமான பேட்டைகளிலிருந்து ஜனங்கள் வெளியேறினார்கள். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அந்தக் காலத்தில் உருவான குடியிருப்புகள். காற்று வர அகலத் தெருவும் திறந்த இடமும் விட்டுக் கட்டினார்கள். அன்று நோய்க்குப் பயந்தவர்கள் மனிதரை விலக்கியதோடு நிற்கவில்லை, சேர்ந்து வாழ இன்னொரு வகை இடத்தையும் யோசித்தார்கள். 2020-இல் மைதானங்களும் பூங்காக்களும் பகலில் பெரும்பாலும் பூட்டிக் கிடந்தன. அங்கே மரத்தடியில் பத்துப் பிள்ளைகள் உட்கார இடம் இருந்தது.

தமிழ்நாடு 2021 அக்டோபர் 27-இல் மரக்காணம் பக்கம் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. மாலையில் ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே, தெருக்காரப் பெண்ணே தன்னார்வலராக. வித்யாகம ஓராண்டு முன்பு தொட்டுவிட்டு நழுவவிட்டதை அது பிடித்துக்கொண்டது. கற்பித்தலின் தரம் பற்றி விமரிசனங்கள் உண்டு. ஆனாலும் பிள்ளைகள் மறுபடி ஒரு வட்டமாக உட்கார்ந்தார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 25-இல், கர்நாடகத்தில் ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள் திறந்தன. எதிர்வீட்டுச் சின்னவள் அன்றுதான் முதன்முதலாகத் தன் வகுப்பறையைப் பார்த்தாள். அதற்குள் அவள் இரண்டாம் வகுப்பு. முதல் வாரம் வாயே திறக்கவில்லை என்று அவள் அம்மா சொன்னார். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாளாம், சத்தம் வராதாம். ஜனவரியில் மூன்றாம் அலைக்காகப் பெங்களூரில் மறுபடி மூடி 31-ஆம் தேதி திறந்தார்கள். அடுத்த கல்வியாண்டை அரசு ‘கலிகா சேதரிகெ’, கற்றல் மீட்பு ஆண்டு, என்று அறிவித்து 2022 மே 16-இலேயே பள்ளியைத் தொடங்கியது.

அந்த ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை சந்தில் சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். கூட நாலு பெண்கள். இரண்டு பேரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவள் பாட்டி, “பாண்டி ஆடப் போறீங்களாடி?” என்று கேட்டார்.

அவள் நிமிரவேயில்லை. “பாண்டி இல்ல பாட்டி, குண்ட்டெபில்லெ” என்று சொல்லிவிட்டு, சில்லை எடுத்துக்கொண்டு கன்னடத்தில் யாரையோ அதட்டினாள்.